ஆறு வீட்டிலும் பால்தான் பொங்கியது

"ஒரு குறையும் இல்லை" என்று அந்தக் கடுதாசியில் எழுதியிருந்தது. யாருக்குக் குறையில்லை? அடுப்பு ஊதுகிறவளுக்கா, அடுப்பைக் கொண்டுவந்து வைத்தவருக்கா? இத்தனை வருடம் கழிந்தும் அந்த வரியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே வருவதுதான் இன்னும் கொடுமை.

அப்போது நாங்கள் பரந்தனுக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குக் காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, வயலும் வீட்டுக் காணியும் கொடுத்திருந்தார்கள். எங்கள் காணிக்கும் அக்காவின் காணிக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதிலும் நாங்கள் புகுந்து போக ஒரு பொட்டு வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு இருபது தரம் அதற்குள்ளால் போய் வருவேன்.

அக்காவுக்குத் தொய்வு. மாரி தொடங்கினால் மூச்சு இழுக்கும். இழுக்கும்போது கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பா. தோள் இரண்டும் காதுக்கு ஏறும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர், "அம்மா, மருந்து பிறகு. முதல்லை புகையை விட்டு விலகுங்கோ" என்றார். நல்ல புத்திமதிதான். ஆனால் எட்டுப் பேருக்கு மூன்று நேரமும் சமைக்கிற மனுசி புகையை விட்டு எங்கே விலகுவது? குசினிக்கு ஒரு சின்ன யன்னல். மழைக்கு அதையும் சாக்குப் போட்டு மூட வேண்டும். விறகோ காட்டு விறகு, பாதி ஈரம்.

அந்த நேரத்தில்தான் புகையில்லா அடுப்பு வருகிறது என்று கதை வந்தது. அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்து கூட்டம் வைத்தார். களிமண்ணும் சீமெந்தும் கலந்து கட்டிய அடுப்பு, மேலே பானை வைக்க இரண்டு வாய், பின்னாலே கூரையைத் தாண்டிப் போகும் புகைக்கூடு. எல்லாப் புகையும் அதற்குள்ளால் போய்விடுமாம். "முதல்லை ஆறு வீட்டிலை மட்டும் கட்டிப் பார்ப்பம். நீங்கள் குறை சொல்ல வேணும். சொன்னால்தான் திருத்தலாம். திருத்திப்போட்டு அச்சு செய்தால், பிறகு குடியேற்றம் முழுக்க ஒரே மாதிரி வார்த்துக் குடுக்கலாம்" என்றார். அந்த மனிசன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதை நான் மறைக்கவில்லை.

ஆறு வீட்டில் ஒன்றாக அக்கா வீட்டைச் சேர்ப்பிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தான், அதுதான் அக்காவின் புருசன், அரசாங்க ஆட்களைக் கண்டால் வாய்க்குள் நாக்கு ஒட்டிப்போகிற ஆள். காணிக்கு இன்னும் நிரந்தரப் பத்திரம் வரவில்லை, எதிலும் தலை போடாமல் இருப்போம் என்பார். நான் விடவில்லை. கூட்டத்தில் எழும்பி நின்று, "எங்கடை அக்காவுக்குத் தொய்வு, அங்கைதான் முதல் கட்ட வேணும்" என்றேன். பொம்பிளை எழும்பிக் கதைக்கிறாள் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

மேசன் வந்து பழைய அடுப்பை உடைத்து அள்ளி எறிந்துவிட்டு, அதே இடத்தில் புதியதைக் கட்டினார். காய்ந்ததும் ஐயா பார்க்க வரும் நாளைச் சொல்லி அனுப்பினார். அதோடு எல்லாம் கெட்டது.

புது அடுப்பு என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? முதலில் பால் காய்ச்சுவார்கள். அதுவும் சும்மா காய்ச்சுவதா? அக்கா விடிய எழும்பித் தலை தோய்ந்து, குசினி மெழுகி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்தா. பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்துக்கே ஐயாவை வரச் சொல்லியிருந்தது. ஈர விறகு வைத்து நல்ல காரியம் செய்யலாமோ? சிரட்டையும், ஒரு கிழமையாக வெயிலில் காய்ந்த பாலை மரச் சிராயும் எடுத்து வைத்தார்கள். பால் வைத்த மண்முட்டி கைக்கு அடக்கமான சின்ன முட்டி. பூப்போல அடுப்பு வாயின் மேல் இருந்தது. தீ குபுக்கென்று பிடித்தது. ஒரு நூல் புகை இல்லை. பால் பொங்கி, அதுவும் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்தார். பிறகு அவரை முன் விறாந்தையில் இருத்தி, வடையும் வாழைப்பழமும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். வாயில் வடையோடு அவர் அத்தானைக் கேட்டார்.

"எப்பிடி, அடுப்பு பிடிச்சிருக்கோ?"

"நல்ல சாமான் ஐயா. தங்கமான சாமான்."

என் அத்தான் பிறந்த நாளிலிருந்து அடுப்புக்கு ஒரு விறகு தள்ளி அறியாதவர். சுருட்டுப் பற்றவைக்கக்கூட, "இஞ்சை ஒரு கொள்ளி கொண்டா" என்று கூப்பிடுகிறவர். அவரிடம் கேட்டு அவர் சொன்னதை எழுதுகிறார்கள்! எனக்கு உச்சி கொதித்தது. குசினி வாசலில் நின்று, "ஐயா, இதிலை இன்னும் புட்டு அவிக்கேல்லை, சோறு வைக்கேல்லை" என்று தொடங்கினேன். அக்கா என் கையில் நகம் பதியக் கிள்ளினா.

"சும்மா இரடி. பால் பொங்கின நாளிலை அபசகுனமாய்க் கதையாதை. வந்த மனிசன் சாப்பிட்டுக்கொண்டிருக்குது."

ஐயா பண்பான மனிசன். அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டார். "அம்மா, குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ." அக்கா சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு குறையும் இல்லை ஐயா" என்றா. ஐயா அதை அப்படியே கடுதாசியில் எழுத, அத்தான் கையெழுத்து வைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் எழும்பி நின்ற வீராப்பெல்லாம் ஒரு கிள்ளோடு போய்விட்டது.

அடுத்த நாள் காலை அக்கா புட்டுப் பானையை வைத்தா. பானையின் வயிறு அடுப்பு வாய்க்குள் இறங்கி இருந்துவிட்டது. இறங்கினால், உள்ளே புகைக்கூட்டுக்குப் போகிற வழி அடைபட்டுப் போகும். புகை வேறு எங்கே போகும்? விறகு வைக்கிற பக்கத்தாலே திரும்பி வந்தது. அக்கா குனிந்து ஊத ஊத, நேரே அவவின் முகத்துக்கு. பழைய அடுப்பில் புகை நாலு பக்கமும் பரவித் தொலையும். இதிலோ குழாய் வைத்து மூக்குக்குள் விட்ட மாதிரி. பொட்டுக்குள்ளால் நான் ஓடிப்போனபோது அக்கா குசினி வாசல் குந்தில் இருந்து இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தா.

பானையைத் தூக்கிவிட்டு நான் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். புகை போகிற துவாரத்தை நாலு விரல் கீழே இறக்கியிருந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம். நாலே நாலு விரல்! நானே உளி வைத்துத் தட்டுகிறேன் என்றேன். அத்தான் பதறிப்போனார். "அரசாங்கச் சாமானிலை கை வைக்காதை. காணிப் பத்திரத்திலை பிரச்சினை வரும்." மண் அடுப்பு ஒன்று தனியாகப் போடுவோம் என்றேன். அதுவும் கூடாதாம். கொடுத்ததை மதிக்கவில்லை என்று நினைப்பார்களாம். மூச்சு அக்காவுடையது, பயம் அவருடையது.

இரண்டு கிழமை பார்த்தேன். அக்கா இரவில் படுப்பதில்லை, சுவரில் சாய்ந்து இருந்தபடியேதான் நித்திரை. பொறுக்க ஏலாமல் ஒரு நாள் அந்தப் புட்டுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர், "அக்கா, பானைக்கும் ரிக்கெற் எடுக்க வேணும்" என்று பகிடி விட்டான். நான் பார்த்த பார்வையில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கந்தோரில் ஐயாவின் மேசையில் பானையை வைத்தேன். "இதை வைச்சுப் பாருங்கோ ஐயா உங்கடை அடுப்பிலை" என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டு, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார். "ஐயா வந்து ஆடிக் காட்டுங்கோ, நாங்கள் பார்த்துப் பழகிறம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சொன்னதையெல்லாம் ஐயா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கட்டுக் கடுதாசியை எடுத்துப் புரட்டினார். ஆறு வீட்டுக் கடுதாசிகளும் அதில் இருந்தன. ஆறிலும் ஒரே வரி. ஒரு குறையும் இல்லை.

"ஆறு வீட்டிலும் நீங்கள் பார்க்க என்ன சமைச்சவை?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "பால் காய்ச்சினவை."

"ஆறு வீட்டிலுமோ?"

"ஓம். ஆறிலும் பால்தான்."

ஆறு வீடு. ஆறு சின்ன முட்டி. ஆறு வீட்டிலும் காய்ந்த சிராய். பால் காய்ச்சவா இவ்வளவு செலவழித்து அடுப்புக் கட்டினார்கள்? பால் பொங்கினதைப் பார்த்து எழுதிக்கொண்டு போக ஒரு படித்த மனிசன் வேண்டுமா? ஒரு வீட்டிலாவது ஒரு பானை சோறு வைத்துப் பார்க்கச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப உங்கடை அக்கா ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை? நீரும் அங்கைதானே நிண்டனீர்?" என்றார். நான் பானையை மேசையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்தேன்.

"வாற கிழமை அடுப்புக்கு அச்சுச் செய்யக் குடுக்கப் போறம்" என்றார். "நீர் பக்கத்து வீடு. உம்மடை சொல்லை நான் எழுத ஏலாது. வீட்டுக்காரி சொல்ல வேணும். அவா ஒரு சொல் குறை எண்டு சொன்னால், நான் நிப்பாட்டித் திருத்துவிக்கிறன். நாளைக்கே வாறன்."

சொன்னபடியே வந்தார். இந்த முறை நான் அவரை விறாந்தையில் இருக்க விடவில்லை. பலகையைப் போட்டுக் குசினிக்குள்ளேயே இருத்தினேன். மழை சோவென்று பெய்துகொண்டிருந்தது. அக்கா என்றைக்கும் போல ஈர விறகை வைத்து, புட்டுப் பானையை ஏற்றினா. கொஞ்ச நேரத்தில் ஐயாவுக்குக் கண்ணீர் ஓடத் தொடங்கியது. சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். இருமினார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். அக்கா ஊதிக்கொண்டே இருந்தா. ஒவ்வொரு ஊதலுக்கும் பிறகு நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் ஐயாவுக்கே கேட்டது.

அவர் கடுதாசியையும் பேனையையும் எடுத்தார். "அம்மா, நான் கண்ணாலை பார்த்துப்போட்டன். நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும். இந்த அடுப்பிலை குறை இருக்கோ?"

"சொல்லு அக்கா" என்றேன்.

வாசலில் அத்தான் நின்றார். அக்கா அவரைப் பார்த்தா. பிறகு, கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தன் வீட்டுப் பலகையில் இருந்து அவதிப்படுகிற அந்த விருந்தாளியைப் பார்த்தா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னா:

"உங்களுக்குத்தான்... கஷ்டம் குடுத்துப்போட்டம் ஐயா. விறகு... ஈரம். அடுப்பிலை... ஒரு குறையும் இல்லை."

ஐயாவின் பேனை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பானையை இறக்கி வைத்தேன். கதவு மூலையில் நின்ற மண்வெட்டியை எடுத்து, பின்புறப் பிடங்கால் அந்த அடுப்பின் மேல் ஒரு போடு போட்டேன். இன்னொரு போடு. நெருப்பும் சாம்பலும் சீமெந்தும் சிதறின. அத்தான், "ஐயோ, விசரி, விசரி!" என்று கத்தினார். "இதையும் எழுதுங்கோ ஐயா" என்றேன்.

எழுதினார்தான். வீட்டுக்காரரின் கவனயீனத்தால் ஓர் அடுப்பு உடைந்தது என்று எழுதியிருந்ததாகப் பிறகு அறிந்தேன். அச்சு மாறவில்லை. அடுத்த போகத்துக்குள் அதே அடுப்பு குடியேற்றம் முழுக்க வந்தது. கொஞ்சக் காலத்தில் பாதி வீடுகளில் அதற்குள் கோழி அடை கிடந்தது. ஆறு வீட்டில் ஒரு பொம்பிளை வாய் திறந்திருந்தால் போதும். திறக்க விட்டார்களா, திறக்கத்தான் எங்களுக்குத் தெரிந்ததா?

நானும் என் புருசனும் அக்கா வீட்டுப் பின்பக்கம் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கி, மூன்று பக்கமும் திறந்து விட்டு, மண் அடுப்புப் போட்டுக் கொடுத்தோம். காற்று அள்ளிக்கொண்டு போகும், புகை நிற்காது. தை பிறக்க முன்பே அக்காவின் இழுப்புக் குறைந்தது. இரவில் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்தா.

ஆனால் வேலியில் இருந்த பொட்டைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டா. வீட்டுக்கு வந்த மனிசனுக்கு முன்னால் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனாம். அந்தப் பக்கம் அக்கா பிள்ளைகளைக் கூப்பிடுகிறதும், மாட்டை அதட்டுகிறதும், வாய்க்காலில் நிற்கிறவளோடு பலமாகக் கதைத்துச் சிரிக்கிறதும் எனக்கு வேலிக்கு மேலால் கேட்கும். மூச்சு நன்றாகத்தான் வந்தது. அந்த மூச்சில் என்னோடு பேச ஒரு சொல் மட்டும் வரவில்லை.