கணவர் கையெழுத்து

சிதம்பரத்தில் நாங்கள் சில பெண்கள் சங்கம் வைத்து ஒரு பிரசவ விடுதி நடத்திவந்தோம். கட்டில் இருந்தது, ஆயாக்கள் இருந்தார்கள், டாக்டர்தான் இல்லை. அறுபதுகளின் நடுவில் சர்க்கார் தானாகவே முன்வந்தது. கட்டடமும் நிர்வாகமும் சங்கத்துடையது, லேடி டாக்டரும் மருந்தும் சர்க்காருடையது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில், வெளியிலிருந்து டாக்டர் வந்து சேர்வதற்குள் ஒரு பெண் எங்கள் கட்டிலிலேயே இறந்துபோயிருந்தாள். அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகாத சமயம் அது.

வரைவு வந்தது. படித்துக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். கணவர் கையெழுத்து இல்லாமல் யாரையும் விடுதியில் சேர்க்கக் கூடாதாம்! எங்களிடம் வருகிறவர்களில் பலர் பரங்கிப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள். புருஷன்மார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடையில் இருப்பார்கள். கப்பல் ஏறிப் போனால் திரும்பி வர வருஷங்கள் ஆகும். பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

மறுநாளே சங்கத் தலைவியும் செயலாளரான நானும் கடலூருக்கு பஸ் ஏறினோம். தலைவியும் பரங்கிப்பேட்டைக்காரர்தான், அவர் கணவரும் பினாங்கில்தான். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தவர், இறங்கும்போது சொன்னார்:

"அங்க வந்து நீ வாயத் தொறக்காத. ஒனக்குக் கோவம் ஜாஸ்தி."

தலையாட்டினேன். ஜில்லா சுகாதார ஆபீசில் அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"இன்னிக்கே கையெழுத்தாவணும்மா. மார்ச் போச்சுன்னா ஒதுக்கின பணமும் போச்சு. சேத்தியாத்தோப்புக்காரங்க வேற அந்த டாக்டர எங்களுக்குக் குடுங்கன்னு நிக்கறாங்க."

"அந்த ஒரு வரிய எடுத்துடுங்க சார்" என்றேன். தலையாட்டியதெல்லாம் காற்றில் போயிற்று.

"எப்படிம்மா எடுக்கறது? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, புருஷன்காரன் வந்து சர்க்காரத்தான் கேப்பான். யாரு பதில் சொல்றது?"

"வலியோட வர்றவள வாசல்லயே நிறுத்தி வெச்சா, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அதிகாரி காகிதங்களைச் சேர்த்து நாடா போட்டுக் கட்ட ஆரம்பித்தார். கிடைக்க இருந்த டாக்டரை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன்.

தலைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"சார், சங்கத்துக்காக நாந்தான கையெழுத்துப் போடணும்?"

"ஆமாம்மா. நீங்கதான தலைவி."

"எங்க மச்சான் பினாங்குல இருக்காங்க." கணவரை அவர் மச்சான் என்றுதான் சொல்வார். "அவுங்களக் கேக்காமப் போட்டா செல்லுமா?"

"தாராளமாச் செல்லும்."

"கட்டடத்துக்கு சர்க்காரோட ஒப்பந்தம் போட எங்கையெழுத்து போதும். அதே கட்டடத்துல நான் புள்ள பெக்கறதுக்கு மட்டும் போதாதா சார்?"

அதிகாரியின் கை நாடாவோடு அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கட்டைப் பிரித்தார்.

"சரிம்மா. ஆனா யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்."

"நான் ஏத்துக்கறேன்" என்று முந்திக்கொண்டேன். கணவர் ஊரில் இல்லாத இடத்தில் சங்கச் செயலாளர் கையெழுத்திடலாம் என்று அவரே எழுதிச் சேர்த்தார். திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

புது டாக்டரம்மா வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு பிற்பகல், பரங்கிப்பேட்டையிலிருந்து வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். புருஷன் பினாங்கில். உள்ளே போன டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தார்.

"ஆயுதம் போட்டுத்தான் எடுக்கணும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. யார் கையெழுத்துப் போடறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடலூரில் அத்தனை சத்தம் போட்டவள், எவனாவது ஒரு புருஷன் வந்து நிற்கமாட்டானா என்று வாசலைப் பார்த்தேன். அந்த அதிகாரியிடம் இருந்தது திமிர் இல்லை, இதே பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் எனக்கே அடையாளம் தெரியாமல் கோணலாக விழுந்தது.

வெகுநேரம் கழித்துக் குழந்தை அழுதது. தாயைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலைவிதான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. நீ மொதல்ல அந்தப் பேனாவக் கீழ வை."

அதுவரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.