பதினொன்றாம் மடைக்கு முதல் எண்

சங்கத்துக்குச் செய்திக் குறிப்பு எழுதுகிறவனைப் பாராட்ட ஒருவர் வந்தால், விடுபட்டதைச் சொல்ல ஒன்பது பேர் வருவார்கள். நீங்களும் உங்கள் ஊரில் ஏதாவது ஒரு சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பவர் என்றால் இதை விளக்க வேண்டியதில்லை. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கூட்டத்தில் பேசக் கூச்சம். அதனால் எங்கள் கால்வாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தில் எழுத்து வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எண் போட்ட கதை

முதல் குறிப்பை இரண்டு பக்கத்துக்கு ஒரே பத்தியாக எழுதி, மூன்று முறை திருத்தி, திருநெல்வேலிக்கு பஸ் ஏறி நிருபரிடம் கொடுத்தேன். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் போய் அவர் மேசைக்கு எதிரே நின்றேன். அவரே எடுத்துப் பார்த்துவிட்டு, கோரிக்கைகளுக்கு எண் போடச் சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை. "பத்தியா எழுதினா நான் உக்காந்து படிக்கணும் அண்ணாச்சி. நம்பர் போட்டா அப்படியே போட்டிரலாம்."

பதினொன்றில் ஆறு

எங்கள் கால்வாயில் பதினொரு மடைகள். போன பிசான நெல் பருவத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தும், தண்ணீரில் படரும் அமலைச் செடி அடைத்துக்கொண்டதால் ஆறாம் மடைக்குக் கீழே அது போகவில்லை. மடைக்கு ஒரு வரியாக, தண்ணீர் வரும் வரிசையிலேயே ஒன்று முதல் பதினொன்று வரை எழுதி அனுப்பினேன். பேப்பரில் வந்துவிட்டது. ஓடிப்போய் நாலு பிரதி வாங்கினேன். எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆறோடு வெட்டியிருந்தார்கள்.

பதினொன்றாம் மடையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தவர் இசக்கியம்மாள். நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். பத்து நாளில் கால்வாய்த் தண்ணீர் வராவிட்டால் நாற்று மொத்தமும் போய்விடும். பேப்பரை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தண்ணிதான் ஆறாம் மடையோட நிக்கின்னா, பேப்பருமா அங்கனயே நிக்கணும்?"

தலைகீழாக

அன்றைக்கே பழைய குறிப்புகளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். இதையும் சேர்த்துப் பேப்பரில் வந்தவை ஐந்து. முதல் மடை ஐந்திலும் இருந்தது. பதினொன்றாம் மடை ஒன்றில்கூட இல்லை. ஐந்து தடவையும் வரிசை போட்டவன் நான்தான். உடனே புதுத் தாளில் பதினொன்றாம் மடையை முதல் எண்ணாக வைத்து, கீழிருந்து மேலாக எழுதினேன். சந்தோஷ அவசரத்தில் இரண்டு தாள் வீணானது.

கூட்டத்தில் முதல் மடை ஆறுமுகம் அண்ணாச்சி விடவில்லை. வருஷா வருஷம் தண்ணீருக்குப் பூத்தூவுவதே தங்கள் மடையில்தான், தங்களைக் கடைசியில் தள்ளுவதா என்றார். நான் கணக்குத் தாளை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு முறை படித்தார். "அஞ்சுக்கு அஞ்சும் நமக்கே வந்திருக்கா? அப்ப சரிவே, ஒரு தடவை அவனுவளும் பேப்பரைப் பாக்கட்டும்."

பத்தா, பதினொன்றா?

மறுநாள் பேப்பரில் பதினொன்றாம் மடை முதல் வரியில் வந்தது. செயலாளரின் மகள் செல்வி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சங்கத்துக்கு வலைப்பூவும் எழுதுகிறாள். அவள் அதையே 'நம் கால்வாய் காயப் பத்துக் காரணங்கள்' என்று போடப்போவதாகச் சொல்லி, ஒன்றை எடுத்துவிடச் சொன்னாள். எந்த மடைக்காரரை எடுப்பது? மாட்டேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. தலைப்பைத் திருத்திக்கொண்டே அவள் முனகினாள்: "பத்துன்னா எல்லாரும் படிப்பாங்க மாமா. பதினொண்ணுன்னா பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கு."

வரிசைப்படி

மூன்றாம் நாள் பாசன அலுவலர் பொக்லைன் இயந்திரத்தோடு வந்தார். அது இரண்டு நாளைக்குத்தான் கிடைத்திருந்தது. அவர் கைபேசியில் செல்வி போட்ட பட்டியல் இருந்தது. எங்கே தொடங்குவது என்று யாரையும் கேட்கவில்லை. முதல் எண்ணைப் பார்த்து, பதினொன்றாம் மடைக்கே வண்டியை விடச் சொன்னார். பழைய வரிசை என்றால் இரண்டு நாளும் மேல் மடைகளிலேயே போயிருக்கும். அங்கிருந்து மேலே ஏறி, இரண்டாம் நாள் மாலை ஏழாம் மடை அடைப்பையும் எடுத்ததும், தண்ணீர் நுரையும் சருகுமாக இறங்கியது. நான் சைக்கிளில் கூடவே போனேன், எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டு. பதினொன்றில் இசக்கியம்மாள் மண்வெட்டியோடு நின்றார். நான் பேனாவை எடுத்ததும் கையமர்த்தினார். "இப்பமே எழுதிராதீங்க அண்ணாச்சி. பைய வயலுக்குள்ள வரட்டும், பெறவு எழுதுங்க."

அவர் நட்டு முடித்த பிறகு, தண்ணீர் வந்ததற்கு நன்றி சொல்லி எண் போடாமல் ஒரே ஒரு வரி அனுப்பினேன்; அதை மட்டும் எந்தப் பேப்பரும் போடவில்லை.