கரைக்கு ஒரு கோணல் பூ

"புரோகிராம் தானா வரையுதுன்னா, எது நல்லா இருக்குதுன்னு யாரு சார் சொல்றது?" என்று முன்பு என் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்.

மகள் கல்யாணத்துக்கு என் மனைவி கட்டப்போகும் பட்டுப்புடவையின் கரைக்காக, நான் எழுதிய புரோகிராம் வரைந்த பூக்களை இன்று அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் தறிக்காரரிடம் என் போனில் காட்டினேன்.

"ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லியே சார்! ஒவ்வொண்ணுக்கும் தனியா தறியில மாட்டுற டிசைன் அட்டை போட்டுகினு இருந்தா கல்யாணமே முடிஞ்சிடும்" என்றார் அவர்.

"அப்போ பேத்தி பொறந்ததும் அவ காதுகுத்துக்குக் கட்டிக்கிறேன், விடுங்க" என்றாள் மனைவி.

பிறகு போனை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். பிழையென்று நான் அழிக்க நினைத்திருந்த கோணல் பூவைத் தொட்டு, "இத மட்டும் கரை முழுக்கத் திருப்பித் திருப்பிப் போடுங்க" என்றாள்.

ஒரே அட்டை போதுமென்று தறிக்காரர் முகம் தெளிந்தது. அதுவரை அந்தப் பூவை நான் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என் பதில் இது: உங்கள் புரோகிராம் வரைந்ததை அழிக்கும் முன், வீட்டில் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள்.