பீப்பாய் அடித்த காலம்

போன வாரம் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு காபிக்கடை வாசலில் சவாரியை இறக்கிவிட்டேன். ஆட்டோ நின்றதுமே மூக்கில் சுக்கு வாசனை ஏறியது. வெள்ளையடித்து ஏசி போட்டு, ஒரு காபிக்குப் பிரியாணி விலை வாங்கினாலும், பழைய சுக்குக் கிடங்கின் வாசனை போகுமா? உள்ளே எட்டிப் பார்த்தேன். இரும்புப் பீப்பாய்களின் மேல் கண்ணாடியை வைத்து மேசையாக்கியிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. நான் அடித்த பள்ளம் எனக்குத் தெரியாதா!

அந்தக் கிடங்கில்தான் எங்கள் ‘பாய்லர்’ பாட்டுக் கோஷ்டி பிறந்தது. இண்டஸ்ட்ரியல் ராக் என்பார்கள். அதாவது, தொழிற்சாலைக்குள் காலே வைக்காத பிள்ளைகள் தொழிற்சாலை மாதிரி சத்தம் போடுவது. மூன்று பேர் எர்ணாகுளத்துக் கல்லூரிக்காரர்கள். தலைவன் ரோஷன், கொச்சிப் புழுக்கத்திலும் கறுப்பு ரப்பர் கோட்டு போட்டிருப்பான். நாலாவது ஆள் நான். அடுத்த சந்தில் காயலான் கடையில் தகரம் நசுக்கிக்கொண்டிருந்தவனை வந்து பிடித்தான். “அண்ணாச்சி, இந்த அடி வேற ஆருக்கும் வராது. நீங்க ஆர்ட்டிஸ்ட்!” மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மறுநாளே வேலையை விட்டுவிட்டேன்.

“பீப்பாயத் தட்டினா சோறு வருமா?” என்று கேட்டாள் என் பெண்டாட்டி செல்வி. பதிலுக்குக் காத்திருக்காமல் ஏலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மச்சானுக்கு அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை.

எங்கள் கச்சேரிப் பெருமையைக் கேளுங்கள். வைப்பின் தீவில் ஒரு மீன்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பாதிப் பாட்டிலேயே வயரைப் பிடுங்கிவிட்டார்கள். மீன்காரர்களுக்கு நல்ல காது. அப்புறம் ஏலூரிலிருந்து அழைப்பு வந்தது, தொழிலாளர் மன்ற ஆண்டுவிழா. செல்வி என்னை மேடையில் பார்த்தால் திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு, மச்சானிடம் கெஞ்சி அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

ரோஷன் கணக்கு வேறு. ஏலூர்க்காரர்களுக்கு ஏலூர்ச் சத்தத்தையே பாட்டாக்கித் தருவானாம். ஆற்றங்கரையில் நின்று போனில் பிடித்துவைத்த கம்பெனிச் சத்தங்களில், விட்டு விட்டு அலறும் ஒரு சைரனும் இருந்தது. எதற்காக ஊதினார்கள் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. ஏலூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: நீளமாக ஊதினால் ஷிப்ட், விட்டு விட்டு ஊதினால் கேஸ் கசிவு. துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓட வேண்டும்.

மூன்றாவது பாட்டின் நடுவில் சைரனைப் பெரிய ஸ்பீக்கரில் விட்டான். மொத்தக் கூட்டமும் எழுந்தது. “கண்டோ அண்ணாச்சி, எல்லாரும் எந்திரிச்சாச்சு!” என்று பூரித்தான். எழுந்தவர்கள் தண்ணீர் பாட்டிலைத் துண்டில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு காலி நாற்காலிகளுக்குப் பாடினான். நான் ஆர்ட்டிஸ்ட் அல்லவா, அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஓடுகிற கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையை நோக்கி வந்தது ஒரே ஒரு ஆள். செல்வி. ஏறி வந்து, நனைத்த முந்தானையை என் மூக்கில் அழுத்தினாள்.

“சைரன் கேக்கலையா செவிட்டுப் பொணமே! வாங்க!”

சுத்தியலோடு சேர்த்து என்னை இழுத்துப்போனாள். கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தெரிந்து ஊர்ச்சனம் திரும்பி வந்தபோது, ‘பாய்லர்’ ஒரு மீன் வண்டியில் ஏறித் தப்பித்திருந்தது. அத்தோடு கோஷ்டி தீர்ந்தது. செல்வி அன்றைக்கே என்னோடு பஸ் ஏறினாள். மட்டாஞ்சேரி வந்து பஸ் நிற்கும்வரை என் கையை விடவில்லை.

அந்தக் காபிக்கடைக்கு இப்போது ரோஷன்தான் முதலாளி. தொப்பை போட்டிருக்கிறான். “அண்ணாச்சி! ஏலூர்ல சனம் மொத்தமும் எந்திரிச்சு நின்னது ஓர்ம உண்டோ?”

“உண்டே. அப்புறம் ஓடுனதும் ஞாபகம் இருக்கு.”

நான் என் பீப்பாயை விரல் முட்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். சத்தமே இல்லை.

“ஆடி ஆடி காபி சிந்துது அண்ணாச்சி. அதான் உள்ள கான்க்ரீட் போட்டு நெறச்சாச்சு.”

பீப்பாயின் வாயை அடைத்ததுதான் ‘பாய்லர்’ உருப்படியாகச் செய்த ஒரே காரியம். வலித்த விரலை ஊதிக்கொண்டே ஆட்டோவைக் கிளப்பினேன்.