ஏழுக்கு அடுத்தது எட்டு

காவிரிக் கலவரம் ஓய்ந்த மறு வருஷம், விவேக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு நான் தமிழ் டீச்சர். அதே வகுப்புக்குக் கன்னட டீச்சர் ஒரு அம்மா. இருவருக்கும் ஒரே கரும்பலகை. கஞ்சி போட்ட சேலை, விறைத்த முகம். நான் எழுதியதை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் சாக்பீஸையே தொடுவார்.

திங்கட்கிழமை, தருமபுரியிலிருந்து புதிதாக வந்த சிறுமியிடம், "ஏளு" என்றார். கன்னடத்தில் அது எழுந்திரு, ஏழும் அதுதான். சிறுமி உட்கார்ந்தபடியே, "எட்டு" என்றாள். வகுப்பு சிரித்தது. வெள்ளி வரை தன் பீரியடு முழுக்க அவளை நிற்க வைத்தார்.

"நீங்க எண்ணச் சொன்னதா நெனச்சிடுச்சு மேடம்," என்றேன்.

"நனகெ தமிளு பரல்ல," என்றார். தமிழ் வராதாம்.

சனிக்கிழமை மார்க்கெட்டில் பூக்காரியிடம் ஒரு குரல், "கையை நல்லா நீட்டி முழம் போடு கண்ணு," என்றது. அசல் சேலத்துத் தமிழ். திரும்பினேன். அந்த அம்மா. என்னைப் பார்த்ததும் பூவை வாங்காமலே போய்விட்டார்.

பயம்தான். அந்த வருஷம் நானும் பஸ்ஸில் வாய் திறந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளை "எட்டு" என்றபோதே அவருக்குப் புரிந்திருக்கிறது.