பொன்னப்பன் தமிழென்று அழுத படம்

பாறசாலைப் பக்கம் கொல்லயில் என்ற ஊரின் சினிமாக் கொட்டகையில் ஒருநாள், நேசம் என்ற பெண் கைக்குழந்தையோடு உட்கார இடமில்லாமல் நின்றாள். பெஞ்சிலிருந்த பொன்னப்பன் எழுந்தார். "நீ இரி மக்கா. எனக்கு முதுகு பிடிச்சிருக்கு, நின்னாத்தான் சுகம்" என்றவர், படம் முடியும்வரை தூணோடு சாய்ந்து நின்றார். அவர் முதுகுக்கு ஒரு கேடும் இல்லையென்று மனைவி விலாசினிக்குத் தெரியும்.

இப்படி இளகின மனுசனுக்கு ஒரே ஒரு விசயத்தில் பிடிவாதம். தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் தொண்டை கிழியக் கோஷம் போட்டவர். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போக, அவருடைய பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்த ஆத்திரத்தில், "இனி மலையாளப் படம் பாக்க மாட்டேன்" என்று பகவதி கோயில் நடையில் சத்தியம் செய்துவிட்டார். விலாசினிக்கோ, ஊர்ப் பெண்கள் அழுது அழுது பார்த்த ஒரு மலையாளப் படத்தைப் புருசனோடு இருந்து பார்க்க ஆசை. எப்படிக் கேட்பாள்?

அறுபதுகளில் ஒரு மழைநாள், தமிழ்ப் படம் என்று நம்பி இருவரும் போனார்கள். வாசல் போஸ்டர் நனைந்து கிழிந்திருந்தது. உள்ளே பெயர் போட்டு முடித்துவிட்டார்கள். உட்கார்ந்ததும் விலாசினிக்குப் பிடிபட்டது. படத்தை மாற்றிவிட்டார்கள், இது அந்த மலையாளப் படம்!

இப்போ எந்திரிப்பார், இப்போ எந்திரிப்பார் என்று அவள் அவரையே பார்த்தாள். அவர் அசையவே இல்லை. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம் என்று பிறந்ததுமுதல் இரண்டையும் கலந்து கேட்ட காது; அது வேறு பாஷை என்றே அவருக்குப் படவில்லை. திரையில் தாய் பிள்ளையை விட்டுப் போனபோது, "போவாதே அம்மா!" என்று சத்தமே போட்டார்.

இடைவேளையில் டீக்கடைச் செல்லையன் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மலையாளப் படம் பாக்கமாட்டியளே? சத்தியம் என்னாச்சு?"

"போலே! இது தமிழாக்கும்."

கொட்டகையே சிரித்தது. பொன்னப்பன் விலாசினியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "போவோமா?"

எழுந்தார். வாசல்வரை போனார். அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தார். "அந்தப் பிள்ளை தாய்கிட்ட சேந்துச்சா இல்லியான்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது. பகவதிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மறுநாள் நடையில் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு இருவரும் இரண்டு பாஷையிலும் தாராளமாக அழுதார்கள்.

வெகுகாலம் கழித்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவர் கடைசியாக அவளிடம் சொன்னது இதுதான்: "நீ வீட்டுக்குப் போ பிள்ளே. புதுப் படம் வந்தா எனக்காகக் காத்திராதே. பாத்துட்டு வந்து கதையைச் சொல்லு. உன் வாயில எந்தப் பாஷை வருதோ, அதுல சொன்னா போதும்."