சோப்பு அக்கா பார்த்த இரண்டு லேப்

டவுன் கல்லூரியில் உயிர்வேதியியல் சேர்ந்தால், மூன்று வருஷமும் வாத்தியார் செய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதானாம். செய்தியோடு வந்தவன் சோப்பு அக்காவின் கொழுந்தன். அவனுக்குச் சொன்னது அவனோடு வேலை செய்பவர். அவருக்கு அவருடைய மச்சினி.

"அந்த மச்சினி அங்க படிச்சாளா தம்பி?"

"இல்ல அண்ணி, அப்ளிகேஷன் வாங்கப் போயிருக்கா."

"வாசல்ல நின்னே மூணு வருஷத்தையும் பார்த்துட்டாளாக்கும்!"

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்துவது, மெஷினில் ஏற்றுவது எல்லாம் அத்துப்படி. ஆனால் பெயர் வாங்கியது கழுவுவதில். சோதனைக் குழாயில் ஒரு பொட்டுக் கறை கண்டாலும் போதும், முதலிலிருந்து செய்ய வைத்துவிடுவாள். கூட இருப்பவர்கள் முகத்துக்கு நேராகவே 'சோப்பு அக்கா' என்று கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அழுக்குக் கண்ணாடி பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. மகள் இந்தப் படிப்பைக் கேட்டபோது உள்ளூரக் குளிர்ந்துபோனாள். வெளியே "பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இடம் இரண்டு கல்லூரிகளில் கிடைத்தது. ஒன்று டவுனில். மற்றது ரயிலில் போய் இறங்கி பஸ் பிடிக்கிற தூரம். மகளுக்குத் தூரத்துக் கல்லூரி மேல்தான் கண். இரண்டு லேபையும் நேரில் பார்க்காமல் முடிவில்லை என்று அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள் தாய்.

தூரத்துக் கல்லூரியில் மேஜையெல்லாம் ஊதாக் கறை. தொட்டியில் கழுவாத குழாய்கள் குவிந்து கிடந்தன. கைதவறி உடைத்த குடுவையின் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி, "பார்த்து வாங்க ஆன்ட்டி" என்றாள். சோப்பு அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டவுன் கல்லூரியில் கண்ணாடிச் சாமான்கள் பளபளவென்று வரிசைகட்டி நின்றன. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேஜையை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இதுடி லேப்!"

மகள் அலமாரியில் இருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, தூரத்துக் கல்லூரிக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்றாள் தாய்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. காத்திருக்கிறவங்க நிறைய பேர்" என்றார் அலுவலகத்தில் எடுத்தவர்.

"யோசிச்சாச்சு சார்."

மத்தியானம் சாப்பிடும்போதுதான் மகள் சொன்னாள். "அந்த டவுன் லேப்ல ஒரு பாட்டில் சீல்கூட பிரிக்கலம்மா. பியூரெட் குழாய் மேல கம்பெனி பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்துச்சு."

தாயின் கை தட்டிலேயே நின்றது. காய்ந்த தொட்டி நினைவுக்கு வந்தது. கல்லூரி நடந்துகொண்டிருந்த நாள் அது.

"அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"நீ மேஜையத் தடவிட்டு இருந்த. அவ்வளவு சந்தோஷமா உன்னப் பார்த்ததில்ல."

"சந்தோஷம் கிடக்கட்டும். காலையில நான் போன் பண்றப்ப?"

"நான் குளிச்சிட்டு இருந்தேன். நீ பண்ணுவேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

கொழுந்தன் சோற்றைப் பிசைந்தபடி, "நான் சொன்னப்ப சிரிச்சீங்களே அண்ணி" என்றான்.

"நீங்க வாய மூடிட்டுச் சாப்பிடுங்க தம்பி."

எச்சில் கையைக் கழுவாமலே, இடது கையால் போனை எடுத்து காலையில் பேசிய எண்ணை அழுத்தினாள். அவள் கழுவாமல் எழுந்ததை மகள் அன்றுதான் பார்த்தாள். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"சாப்பாட்டு நேரம், எடுக்க மாட்டாங்க அண்ணி."

"இடத்த வேற யாருக்காவது கொடுக்கிறதுக்கு நேரம் காலம் உண்டா?"

மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது.